மாடிவீடு கேட்டு வந்த வேற்றுக்கிரகவாசி

நான் பிறந்து வளர்ந்தது உக்கடத்தில். வேலை பார்ப்பது சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், அறிவியல் டீச்சராக. நடுவே இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். இந்த இரண்டு பஸ்ஸைப் பிடித்து இறங்கினால் நான் அசலூர்க்காரி ஆகிவிடுவேன் என்று எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

விஷயம் வெளிப்பட்டது வீடு தேடியபோதுதான். அந்த மே மாதம் எனக்கு மூன்றாம் மாதம். பஸ்ஸில் இப்படிக் குலுங்கிக்கொண்டு போவது ஆகாது, பள்ளிக்குப் பக்கத்தில் குடி போங்கள், இல்லாவிட்டால் வேலையை விடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேலையை விடும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அணுவைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போனில் எல்லா ஓனர்களுக்கும் என்னைப் பிடித்தது. "ஏனுங்க, மாடி காலியா இருக்குதுங்களா?" என்று கேட்பேன். "இருக்குதுங்க அம்மணி. பேச்சைக் கேட்டா நம்மூரு மாதிரியே இருக்குதுங்களே, வாங்க வாங்க" என்பார்கள். நானும் கணவரும் போய் நிற்போம். என் தலையில் முக்காடு இருக்கும், அவருக்குத் தாடி இருக்கும். அப்போதும் ஓனர் முகம் மாறாது. இந்த ஊர் மரியாதைக்குப் பேர் போனது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது இங்கே அநாகரிகம். அதனால் உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நாங்கள் குடித்து முடிப்பதற்குள் ஒரு காரணத்தைத் தயார் செய்துவிடுவார்கள். இளநீர் பெரிய காயாக இருந்தால் காரணமும் நன்றாக அமையும். ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றார்கள். பெண் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தது. பதினோரு வீடு பார்த்தோம், பதினோரு இளநீர் குடித்தோம். உடம்புக்கு மிகவும் நல்லது என்றார் டாக்டரம்மா.

பன்னிரண்டாவது வீட்டில்தான் எனக்கு மனசு விழுந்தது. மாடியில் இரண்டு அறை, காற்று, தனிப் படி, பள்ளிக்கு நாலு நிமிஷ நடை. தொட்டில் கட்ட எந்தக் கொக்கி என்பது வரை நான் பார்த்து வைத்துவிட்டேன். ஓனர் இளநீரோடு நிற்காமல் காயைப் பிளந்து வழுக்கையையும் சுரண்டிக் கொடுத்தார். காரணமும் பெரிதாகத்தான் வரும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "தம்பி துபாய்ல இருந்து குடும்பத்தோட வாரானுங்க. மாடி அவனுக்குன்னு ஆயிப்போச்சு. இல்லாட்டி உங்களுக்குக் குடுக்கறதுக்கு என்னங்க?" என்றார். நான் ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். காந்திபுரம் வரும் வரை பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன். அந்தத் தம்பியைத் திட்டினேன், துபாயைத் திட்டினேன், கடைசியில் என் கணவரைத் திட்டினேன். அவர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. வயிறும் நானுமாக இரண்டு பஸ் மாறிப் போய்வந்தோம். ஆகஸ்டில் டாக்டரம்மா கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் வீடு, இல்லையென்றால் ராஜினாமா. கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கத்தான் கை வரவில்லை.

அந்த வாரம் எட்டாம் வகுப்பில் சூரியக் குடும்பம் நடந்தது. சினிமாவில் ஏலியன் எப்போதும் அமெரிக்காவிலேயே ஏன் மிஸ் இறங்குது என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. சரி, நம்ம பக்கம் இறங்கினால் என்ன நடக்கும் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்து மாளவில்லை. ஒரு பையன் அன்னூர் சோளக்காட்டில் ஏலியனை இறக்கியிருந்தான். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நின்று, "உங்க கிரகத்துல போர் போட்டா எத்தனை அடியில தண்ணி வருதுங்க?" என்று விசாரிக்கிறார்கள். இன்னொருத்தி, ஆறு கை இருப்பதைப் பார்த்து ஏலியனை மாமாவின் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். வேறொருவன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்து வரவேற்றிருந்தான்.

அடியில் ஒரு தாள். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த, அதிகம் பேசாத ஒரு பெண் எழுதியது. அவள் கதையில் ஏலியன் மாடிவீடு கேட்டு வருகிறது. அப்பா உட்கார வைக்கிறார், இளநீர் கொடுக்கிறார், வழுக்கையும் சுரண்டிக் கொடுக்கிறார். பிறகு, தம்பி துபாயிலிருந்து குடும்பத்தோடு வருகிறான் என்கிறார். கடைசி நாலு வரியை அவள் இப்படி எழுதியிருந்தாள்: "ஏலியனுக்கு அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரியும். அப்பா சொன்னது பொய் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அது ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனது. எனக்குப் பாவமாக இருந்தது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை நின்றதை நான் கவனித்திருக்கவே இல்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்தத் தாளை என்ன செய்வது என்று எனக்குப் பெரிய குழப்பம். காட்டினால் பெண்ணுக்கு வீட்டில் அடி விழலாம். காட்டாமல் இருக்க எனக்கு மனசில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் டீச்சர் புத்தி ஜெயித்தது. காட்டுவதில்லை என்று தாள் கட்டின் அடியில் செருகி வைத்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது வீட்டு ஓனர் மனைவியோடும் மகளோடும் வந்தார். என்னைப் பார்த்ததும், "அட, நீங்கதானுங்களா புள்ளையோட சயின்ஸ் டீச்சரு!" என்று கும்பிட்டார். என் வயிற்றைப் பார்த்து உட்காரச் சொன்னார். அது என்னுடைய நாற்காலிதான். நான் மார்க் விவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் கட்டுக்குள்ளிருந்து தன் தாளை உருவி அப்பா கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் படித்தார். காது மடல் சிவந்தது. மறுபடியும் மேலிருந்து படித்தார். "புள்ளைக்குக் கற்பனை சாஸ்திங்க" என்றார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்குதுங்க. பத்துக்குப் பத்து போட்டிருக்கேன்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி வந்துட்டாருங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "அப்பாவுக்குத் தம்பியே இல்லீங்க மிஸ். ரெண்டும் அத்தைங்கதான்."

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு. எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபத்தில் வந்த தண்ணீர்தான். இல்லாத ஒரு ஆளுக்காக மூன்று மாதம் இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் படி ஏறியிருக்கிறேன்.

அவர் தாளை நாலாக மடித்தார், பிரித்தார். "டீச்சர், உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. சொந்தக்காரங்க கேப்பாங்க. அவங்களுக்கு என்னன்னு சொல்றதுங்க?" என்றார்.

பன்னிரண்டு வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உண்மை அது. கசப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் இளநீரைவிட அது எனக்குத் தெம்பு கொடுத்தது.

"தங்கச்சி மாதிரின்னு சொல்லிக்கலாமுங்க" என்றார் அந்தம்மா. நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. மாடி அன்றுவரை காலியாகவே கிடந்திருக்கிறது.

சரி என்று சொல்லியிருந்தால் அங்கேயே காரியம் முடிந்திருக்கும். எனக்கு அந்த வீடு எவ்வளவு தேவை என்று கைப்பையில் இருந்த கடிதத்துக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு மாதிரி பேசியது.

"தங்கச்சியெல்லாம் வேண்டாமுங்க. வாடகைக்கு ஒரு டீச்சர் வந்திருக்குது, துலுக்கவூட்டுப் பொண்ணு, உக்கடத்துக்காரின்னு சொல்லுங்க. எங்க ஊட்டுல கறி ஆக்குவோமுங்க. தொழுவோமுங்க. கொழந்தை ராத்திரி அழுகும். அதுக்கெல்லாம் சேத்து சம்மதம்னா வாரோமுங்க."

பக்கத்து மேஜையில் கணக்கு டீச்சர் பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அக்ரிமென்ட்டுக்கு எழுதோணும். முழுப் பேரும் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். அவருக்கு முதல் தடவையில் எழுத வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன், தகப்பன் பேராக அத்தாவின் பேரையும் சேர்த்து.