மல்லாட்டை எண்ணெய் கலந்த நீலம்

எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. நானும் தேடியதில்லை. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டும் எண்ணெய் மில்லில் எனக்கு வேலை. நாள் முழுக்க நிற்கிறவன் வீட்டுக்கு வந்தால் பாயில் சாய்வானே தவிர, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவா போகிறான்? யாராவது வந்தால் இன்னொரு பாயை உதறிப் போடுவேன். வருகிறவர்களும் குறைவு. நான் அதிகம் பேசாதவன் என்பதால் வந்தவர்கள் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள்.

நாற்காலிக்குத் தேவை வந்தது என் கல்யாணப் பேச்சில்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. அம்மா அப்பா இல்லாத எனக்கு எல்லாவற்றையும் பார்த்தது திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா. பெண்ணுக்கு ஒலக்கூர் பக்கம். அக்காவின் தெருவுக்குத் தையல் பழக வந்துகொண்டிருந்தாள். நான் போயிருந்த ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தது நான். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். உள்ளே போய்க் குடத்தையே தூக்கிவந்து அவள் முன்னால் வைத்துவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் நான் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை என் வீடு பார்க்க வருவதாக முடிவானது. அக்கா கண்டிப்பாகச் சொன்னாள்:

"டேய், எரவல் சாமான் ஒண்ணும் வாங்கி வெக்காத. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல பார்த்த எடத்துல கட்டிலு, ஃபேனு, ரேடியோன்னு ஊரு சாமானெல்லாம் கொண்டாந்து அடுக்கி வெச்சிருந்தானுங்களாம். வெளிய தெரிஞ்சு பேச்சே முறிஞ்சுபோச்சு. இப்ப அவங்கப்பா எதைப் பார்த்தாலும் இது ஒங்களுதான்னுதான் கேக்கறாராம். பாய்ல ஒக்கார வெச்சாலும் அது நம்ம பாயா இருக்கணும்."

அவரைப் பாயில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. திண்டிவனத்திலிருந்து திரும்பும் வழியில், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வாசலில் பழைய இரும்பு மடக்கு நாற்காலிகளைக் காயலான் கடைக்குப் போடக் குவித்திருந்தார்கள். கால் கோணாத இரண்டைப் பொறுக்கி வாங்கினேன். பஸ்ஸின் மேலே ஏற்றும்போது கண்டக்டர், "யோவ், சேரு ரெண்டுதான் வருதா? பந்தலும் மைக்செட்டும் பின்னாடி வந்துக்கினு கீதா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. விழுப்புரம் வரை நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த புளியமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாற்காலி முதுகில் அந்தக் கடையின் சிவப்பு நட்சத்திரம் பெரிதாகப் போட்டிருந்தது. திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ, அந்த நட்சத்திரத்தில் சாயாத முதுகு கிடையாது. முதலில் அதைத்தான் தேய்த்தேன். செங்கல் துண்டால் தேய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, துருவோடு நட்சத்திரமும் போனது. கீல்களுக்கு எண்ணெய் விட்டதும் கிறீச்சென்ற சத்தமும் அடங்கியது.

பெயிண்டுக்கும் அலையவில்லை. பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலம் டப்பாவில் மிச்சம் இருந்தது. ஆனால் பாகு மாதிரி இறுகிப்போயிருந்தது. மில் கதவுக்கு அடிக்க வந்த பெயிண்டர் பெயிண்டில் ஏதோ எண்ணெய் ஊற்றிக் கலக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அது என்ன எண்ணெய் என்று யாரிடமும் கேட்கவில்லை. எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. அன்று ஆட்டிய மல்லாட்டை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். தோசைமாவு பதம் வந்தது. பிரஷ்ஷுக்கு என் சவர பிரஷ்ஷைக் கொடுத்தேன். கல்யாணம் நடந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாம், நடக்காவிட்டால் தாடி வளர்க்கலாம் என்று கணக்கு.

அப்படி ஒரு பளபளப்பு வந்தது. காயத்தான் இல்லை. வெயிலில் வைத்தேன், விசிறியால் விசிறினேன். சனிக்கிழமையும் பிசுபிசு என்றே இருந்தது. ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டாத மாதிரி இருந்தது. ஒட்டவில்லை என்றே நம்பிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். கூட அவருடைய அக்கா, அதாவது பெண்ணின் அத்தை. உள்ளே என் அக்கா வடை, பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மில் வேலை பற்றிக் கேட்டார். நான் "ஆமாங்க", "இல்லீங்க" என்று இரண்டு வார்த்தையிலேயே சமாளித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவரை நின்றுகொண்டிருந்த அத்தைக்குப் புழுக்கம் தாங்கவில்லை. இன்னொரு நாற்காலியைக் காற்றுக்காக வாசல் பக்கம் இழுத்தார். அது சட்டென்று மடங்கி, உட்காரும் தகட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் விட்டுவைத்த இடம். அதில் ஒரு சிவப்பு நட்சத்திரம்.

"இன்னாம்மா இது? திண்டிவனத்து வாடகைக் கடை சேரு இல்ல இது? எங்க ஊட்டு விசேஷத்துக்கெல்லாம் அங்கதான எடுக்கறோம்!" என்றார் அத்தை.

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது ஒங்களுதா?"

நான் தலையாட்டினேன். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"அவனே வாங்கினதுங்க" என்றாள் அக்கா, கரண்டியும் கையுமாக ஓடிவந்து.

"எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க" என்றார் அத்தை. "அந்த ஊட்டுலயும் ஃபேனு சொந்தந்தான்னு சத்தியம் பண்ணாங்க. கழட்டிக்கினு போறதுக்கு ஆளு வாசல்ல நின்னுக்கினு இருந்தான்."

பெண்ணின் அப்பா என்னையே பார்த்தார். "சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று எழுந்தார்.

நாற்காலியும் அவரோடு எழுந்தது. ஒரு சாண் எழுந்து, பிய்த்துக்கொண்டு தடாலென்று விழுந்தது. வேட்டியின் பின்பக்கம் தகடு அளவுக்கு முழு நீலம். சட்டை முதுகில் இரண்டு நீலப் பட்டை.

"டேய் தம்பி, திரும்புடா!" அத்தை வாயில் முந்தானையைப் பொத்தினார். "கொம்பு ஒண்ணுதாண்டா ஒனக்குப் பாக்கி!"

அவர் பின்னால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். "இன்னாய்யா இது, மல்லாட்டை வாசனை அடிக்குது?"

"எண்ணெய் ஊத்தினேங்க."

"பெயிண்டுலயா?"

"கெட்டியா இருந்துச்சுங்க. நல்ல எண்ணெய்தாங்க. அன்னிக்கு ஆட்டினது."

அன்று நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து.

"டேய், வாடகை சேருக்கு எந்தக் கேனையனாவது பெயிண்ட் அடிப்பானா? அதுவும் தாளிக்கிற எண்ணெயை ஊத்தி? இது இவனுதுதாண்டா. சத்தியமா சொந்த சேருதான்!"

அவருக்கும் அடக்க முடியவில்லை. வேட்டியைப் பிடித்தபடி, "ஏம்மா, சாப்பாட்டுக்கும் அதே எண்ணெய்தானா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அதேதாங்க" என்றாள் அக்கா.

"அப்ப எலையைப் போடு."

என் பெட்டியில் இருந்த நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, வடையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதே வேட்டியோடுதான் ஒலக்கூருக்கும் போனார். அந்த நாற்காலிகள் சித்திரை வெயிலில்தான் காய்ந்தன.

அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. திண்டிவனத்தில் பந்தலுக்கு நாற்காலி எடுத்ததும் அந்தக் கடையில்தான். மணவறையில் நான் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். பக்கத்தில் அவளும் அப்படித்தான் இருந்தாள். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து, அவள் ஓரக்கண்ணால் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். என் மாமனார் புது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலி ஒன்றில் விரலை வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார்.