சிரட்டையில் டீ

பாடப்புத்தகத்தில் தீண்டாமை ஒரே வரியில் ஒழிந்துவிடும். யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள் என்பதெல்லாம் பரீட்சைக்கு வராது. கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் வரலாறு நடத்தும் எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல். அதனால் போன வருடக் கண்காட்சிக்கு, வீட்டில் கேட்டு அந்தக் காலத்து டீக்கடையைச் செய்து வரும்படி ஒன்பதாம் வகுப்பிடம் சொன்னேன்.

புதூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி பெரிதாக அட்டைக் கடை கட்டியிருந்தாள். பெஞ்சில் கண்ணாடி கிளாஸ். கூரையில் செருகிய நிஜத் தேங்காய்ச் சிரட்டை. கீழே ஒரு அட்டையில், ‘என் தாத்தா எங்கள் ஊர்க் கடையில் சிரட்டையில் குடித்தார். கிளாஸைத் தொட அவருக்கு அனுமதியில்லை’ என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. சிறப்பு விருந்தினர், பள்ளிக்கு மைதானம் கொடுத்த பெரிய விவசாயக் குடும்பத்துக்காரர், அவளுடைய ஊர்தான்.

“டீச்சர், இப்ப எல்லாரும் தாயா பிள்ளையா இருக்கோம். பழச எதுக்குக் கிளறுதீங்க?” என்ற தலைமையாசிரியர், அந்த அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்: இயற்கைக் கோப்பை’ என்று புதிதாக ஒன்றை வைத்தார். நான் சண்டை போட்டேன். அப்படியானால் மேசையே வேண்டாம் என்றார். அவள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

தன் யோசனை அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனதுதான் வினை. விருந்தினருக்கு டீயையும் இயற்கைக் கோப்பையிலேயே கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

விருந்தினர் புது அட்டையை வாசித்து, நம் முன்னோர்களின் அறிவைப் பாராட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பளபளவென்று தேய்த்த சிரட்டையில் டீ வந்தது. நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

“எனக்குக் கிளாஸ்லயே குடுத்திருங்க சார். சிரட்டையில எங்க ஆளுக குடிக்க மாட்டாவ.”

தலைமையாசிரியர் தானே கிளாஸ் தேடி ஓடினார். வருடம் முழுக்க நான் தொண்டை வறளக் கத்தினாலும் புரியாத பாடம் ஒரு வாய் டீயில் முடிந்துவிட்டது.

“டீச்சர், என் அட்டைய இப்ப வச்சிரட்டுமா?” என்று கேட்டாள் அவள்.

“வையி” என்றேன்.

கிளாஸில் குடித்தபடியே விருந்தினர் அதை வாசித்தார். வாசித்து முடிக்கும்வரை அவள் மேசையை விட்டு நகரவில்லை.