ஒரு விரல் தடிப்பு

மீனைக் கழுவி வெட்டி, பொலித்தீன் பையில் ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி, திகதி எழுதிய கடதாசியைச் செருகிப் பல்கனியில் அடுக்குகிறார் சவிரிமுத்து. அவர் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஜனவரி பிறந்தால் அந்த வீட்டில் குளிர்ப்பெட்டிக்கு வேலை இல்லை.

"குவிச்சு வைச்சா நடுவில குளிர் இறங்காதுகா" என்பார்.

"சவிரியண்ணை, மீன்கடை எப்ப திறக்கிறியள்?" கூட இருக்கும் யாழ்ப்பாணத்துப் பேரின்பநாதன் விடமாட்டார்.

சவிரிமுத்து மட்டக்களப்பிலிருந்து வந்து இரண்டு வருடம். ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிறார். அல்பேர்ட்டாவில் எண்ணெய் மணலைச் சுடுநீரில் கழுவி எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் சேறு, வாளி வாளியாக அங்கே வரும். குளத்தில் வருடக்கணக்காக விட்டாலும் அந்தக் களி படியாது. தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதைப் பிரிக்க வழி தேடுகிறவர் அங்கே மேலதிகாரியான பற்றிக். சவிரிமுத்துவுக்கோ அவரிடம் வேண்டியது ஒரு கடிதம்: வேலை நிரந்தரம் என்று. அது இருந்தால்தான் மனைவி யோசெப்பினைக் கூப்பிடலாம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குளிரறை பழுதாகிவிட்டது. "வாளிகளைக் குளிரில் வை" என்று சொல்லிவிட்டுப் பற்றிக் போய்விட்டார். அவர் நினைத்தது வேறொரு குளிர்ப்பெட்டியை. குளிர் என்றால் சவிரிமுத்துவுக்கு வெளிதான். வாளி ஆழம், நடுவில் குளிர் இறங்காது. ஆகவே தட்டுப் போதாத ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றச் சேற்றையெல்லாம் தட்டுகளில் ஒரு விரல் தடிப்புக்கு ஊற்றி, கடதாசி ஒட்டி, பின்வாசலில் பரப்பினார்.

திங்கட்கிழமை எல்லாம் கல்லாக உறைந்திருந்தன.

"'ஆரைக் கேட்டு உறைய விட்டாய், நாளைக்கு வராத' எண்டுட்டான் மனே" என்று இன்றும் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

"அப்ப கடிதம்?"

"மறுகா என்ன கடிதம்! தட்டைக் கழுவி வைச்சிட்டுப் போறன் எண்டன்."

கழுவ வேண்டுமென்றால் உருக வேண்டும். குளிரங்கியைக் கழற்றாமல் ஹீற்றர் அருகே குந்தியிருந்தார். மத்தியானம் தட்டுகளில் மேலே தெளிந்த தண்ணீர். கீழே கட்டித் தயிராகக் களி. உள்ளே விட்ட வாளி அப்படியே கலங்கல். ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஊற்றவில்லை. "வந்து பாருங்க சேர்" என்று கூப்பிட்டார்.

கண்டுபிடிப்பு என்றால் அது கொஞ்சம் அதிகம். உறைந்தால் பிரியும் என்று பற்றிக் எங்கோ படித்திருந்தார். அவர் முழு வாளியாக உறையவைத்துப் பார்த்தது சரிவரவில்லை. எவ்வளவு மெல்லிசாக ஊற்றுவது என்பது சவிரிமுத்துவின் கடதாசியில் இருந்தது: 'வெள்ளி, நாலு மணி, ஒரு விரல்.' பற்றிக் அந்த விரலையே அடிமட்டம் வைத்து அளந்தார். மூன்று தடவை திரும்பச் செய்தார்கள். மூன்று தடவையும் தண்ணீர் தெளிந்தது.

நேற்றுக் கடிதம் கைக்கு வந்தது. பேரின்பநாதன் அதைச் சத்தமாக இரண்டு முறை வாசித்தார்.

"சரி, மூடு. நனைஞ்சிடும்" என்றார் மீன் கழுவிக்கொண்டிருந்த சவிரிமுத்து.

பிறகு இருந்ததில் பெரிய அறுக்குளா மீனை எடுத்து வெட்டிப் பரப்பினார். கடதாசியில் திகதி போடவில்லை. 'யோசெப்பின்' என்று எழுதி, பனி கடைசியாக உருகும் மூலையில், எல்லாப் பைகளுக்கும் அடியில் வைத்தார்.