தூர் எடுத்த கிணறு

அழகம்மாள் உடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வல்லத்திராக்கோட்டைக்கு வந்தபோதே தோட்டத்துக் கிணறு தூர்ந்துதான் கிடந்தது. மாமனார் காலத்தில் ஒரு பக்கத்துக் கல்கட்டு சரிந்து விழுந்ததோடு சரி, அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே ஆமணக்கும் எருக்கும் மண்டிக் கிடந்தன. குடிதண்ணீருக்கு அரை மைல் நடந்து ஊருணிக்குப் போய்வந்தாள். மழை பொய்த்து, 1952 கோடையில் ஊருணியும் சேறாகிவிட்ட பிறகுதான் உடையப்பனுக்குக் கிணற்றின் நினைப்பு வந்தது.

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து செல்லமுத்துவும் அவன் மனைவி கண்ணாத்தாளும் வேலைக்கு வந்தார்கள். தோட்டத்து ஓரத்தில் கீற்றுச் சாய்ப்பு போட்டுத் தங்கினார்கள். அவன் அடியில் வெட்ட, அவள் மண் கூடையோடு உள்படிகளில் ஏறி இறங்கினாள். சரிந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, கழுவி, மறுபடி அடுக்கிக் கட்டினார்கள்.

அழகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பகல் முழுக்கத் தோட்டத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் இருந்தவள், கண்ணாத்தாளோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணாத்தாள் வாய் ஓயாதவள். வெட்டி எடுத்த மண்ணை முகர்ந்து பார்த்து, தண்ணீர் இன்னும் எத்தனை முழத்தில் என்று சொல்வாள். சொன்னது தப்பிப்போனால் அதற்கும் அவளே முதலில் சிரிப்பாள்.

முப்பத்தெட்டாவது நாள் காலையில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆத்தா! இங்கிட்டு வாங்க, ஊத்து விட்டுருச்சு!"

கண்ணாத்தாளே ஏறிவந்து, அழகம்மாளின் கையைப் பிடித்துப் படிப்படியாக இறக்கிக் கூட்டிப்போனாள். பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

அழகம்மாள் அந்தக் கையிலிருந்தே குடித்தாள். பல் கூசும் குளிர்ச்சி.

"எங்கையில வாங்கிக் குடிச்சத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க ஆத்தா."

"நான் எதுக்குச் சொல்றேன்?" இருவரும் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்துக் கிணற்றுக்குப் பூசை போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். தண்ணீரில் தீர்த்தம் தெளித்தார்கள், சகடை உருளையில் புதுக்கயிறு போட்டார்கள். அழகம்மாள் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆளுக்கொரு வாளி இறைத்ததைப் பார்த்துக் கண்ணாத்தாளும் குடத்தோடு வந்து கயிற்றில் கை வைத்தாள்.

"ஏய், கயித்தத் தொடாத. தள்ளி நில்லு, ஊத்துவாங்க" என்றான் உடையப்பன். அதட்டக்கூட இல்லை. தினமும் சொல்வதைச் சொல்வது போலத்தான் சொன்னான்.

கண்ணாத்தாள் அழகம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அழகம்மாள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வெந்துவிட்ட பொங்கலை மறுபடியும் கிண்டினாள். தலை நிமிர்ந்தபோது கண்ணாத்தாள் வெறுங்குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் சாய்ப்பைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கென்று எடுத்துவைத்த பொங்கல் ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு தோட்டம் செழித்தது. வாழையும் கத்திரியும் கோடையிலும் பச்சையாக நின்றன. தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் அழகம்மாளுக்கு அந்த ஏந்திய கைகள்தான் கண்ணில் பட்டன. புருஷனிடம் ஒருமுறை பேச்செடுத்தாள். "அதையா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க?" என்று அவன் எழுந்து போய்விட்டான்.

1959இல் காய்ச்சலில் கிடந்து உடையப்பன் இறந்தான். வருஷம் திரும்பியதும் அழகம்மாள், ஊர்க் கிணறுகளில் கயிறு தொட விடாமல் ஒதுக்கியிருந்த கிழக்குத் தெருப் பெண்களிடம் போய், "கெணத்துக்கு வாங்க, நீங்களே எறைச்சுக்கங்க" என்று சொல்லிவந்தாள். ஒரு மாதம் யாரும் வரவில்லை. பிறகு இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். அழகம்மாளின் கொழுந்தன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

1961 தை மாதத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து, சாலையோரம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளைக் கண்டுபிடித்தாள். செல்லமுத்துவுக்குக் கண் மங்கிவிட்டதாம், கிணற்று வேலைக்குப் போவதில்லையாம்.

"ஒருவாட்டி தோட்டத்துக்கு வா கண்ணாத்தா. கயித்த நீயே போட்டு எறைச்சுக் குடிக்கணும்."

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு போயி ரெண்டு வருசமாச்சு. இப்பத் தடுக்க ஆளில்ல."

கண்ணாத்தாள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அவரு சொன்னத நான் அன்னைக்கே விட்டுட்டேன் ஆத்தா. அப்படிச் சொல்ற ஆளுக எந்த ஊர்லதான் இல்ல? நீங்க குனிஞ்சுக்கிட்டீங்கள்ல, அதைத்தான் விட முடியல."

"தப்புத்தான். என்னைய மன்னிச்சுரு."

"மன்னிக்க நான் யாரு? பஸ்ஸு வர்ற நேரம், வெயில்ல நிக்காதீங்க."

பழத்தை வாங்கி, கூட வேலை செய்த பெண்களுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் வரவேயில்லை. ஒவ்வொரு தை மாதமும் அழகம்மாள் வழியைப் பார்த்திருந்தாள், அப்புறம் அதையும் விட்டாள். ஏன் கிணற்றை இப்படிப் பொதுவில் விட்டாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், செத்துப்போன புருஷன் மேல் அவள் பழி போட்டதில்லை. "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்பாள்.