டிக்கியில் கிடந்த ஐந்தாவது டயர்

வெயிலில் காய்கிற புது நெல்லின் வாசனையோடு சூடான ரப்பர் நாற்றமும் கலந்து வந்தால் இன்றும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடுவேன். திருவாரூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் தார்ச்சாலையில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிடுவார்கள். நெல்லின்மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரமாகக் கருங்கற்களை வரிசையாய் வைத்திருப்பார்கள். அந்தக் கற்களில் ஒன்றில்தான் எங்கள் வீட்டு நிம்மதி போனது.

அப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றின் அளவைக் காட்டும் பேனா அளவு "கேஜ்" ஒன்றை நான்கு டயரிலும் வைத்துப் பார்ப்பார். காற்று கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. "எனக்கு ஜுரம்னா தொட்டுப் பாக்க மாட்டாரு, டயர மட்டும் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு" என்று அம்மா கேலி செய்வாள். அத்தனை கவனக்காரர் டிக்கியில் கிடந்த மாற்று டயரான "ஸ்டெப்னி"யை மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. அதன்மேல் எப்போதும் ஓர் உரமூட்டையோ தேங்காய்ச் சாக்கோ கிடக்கும். ஓடாத டயரில் காற்று எங்கே போகும் என்றுதான் ஊரில் எல்லோருமே நினைத்திருந்தோம்.

என் தங்கை எஸ்தர் அப்போது தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. ஒருநாள் காலை ஜுரத்தோடு அவளுக்கு வலிப்பு வந்தது. "நிக்காதீங்க, நேரா தஞ்சாவூருக்குக் கொண்டு போங்க" என்றார் ஊர் டாக்டர். பெரிய சாலையில் பாலம் வேலை நடந்ததால் அப்பா வாய்க்கால் கரையோரக் குறுக்கு வழியில் காரை விட்டார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது முன்டயர் அங்கே காய்ந்த நெல்லின் ஓரக் கல்லில் ஏறி வெடித்தது. லாரி நிற்காமல் போய்விட்டது. சாக்கை இழுத்துப் போட்டு ஸ்டெப்னியை எடுத்தால், அப்பாவின் கட்டைவிரல் அதில் அப்படியே அமுங்கியது.

காலையும் மாலையும் மட்டும் பஸ் வருகிற சாலை அது. நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடிப்போய் யார் வீட்டிலிருந்தோ ஒரு மிதிபம்பைத் தூக்கி வந்தாள். அப்பா மிதித்தார், அவர் கால் தளர்ந்ததும் அந்தப் பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு மாற்றி மாற்றி மிதித்தார்கள், டயரோ நிமிர்வேனா என்றது. அம்மா நெல்லின்மேலேயே உட்கார்ந்து, எஸ்தரை மடியில் போட்டுக்கொண்டு, "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. "நிறுத்தாதீங்கம்மா, நிறுத்திடாதீங்க" என்று அப்பா, யாரென்றே தெரியாத அந்தப் பெண்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

வெகுநேரம் கழித்து, அரைகுறையாய்க் காற்று ஏறிய அந்த டயரையே மாட்டி ஒருவழியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு ஓடியபோது எஸ்தரின் கை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாளா?" என்று அப்பா அங்கிருந்த டாக்டரைக் கேட்டார், பிற்பாடு தலைவலி என்று போய்ப் பார்த்த டாக்டர்களையும் கேட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் அவர் போய்த் தொட்டது ஸ்டெப்னியைத்தான். அம்மா அதன்பிறகு கேலி செய்யவே இல்லை.

இப்போது அம்மாவும் இல்லை, அந்த வெள்ளைக் காரும் இல்லை. தஞ்சாவூரில் என்னோடு இருக்கும் அப்பாவுக்கு ஞாபகம் மங்கிவிட்டது. என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் வாங்கிய புதுக் கார் காற்றின் அளவைத் தானே திரையில் காட்டுகிறது. ஆனால் அதில் ஸ்டெப்னியே கிடையாது, பதிலுக்கு ஒரு சின்னப் பம்பும் ஓட்டையை அடைக்கிற பசைப் புட்டியும் கொடுத்திருக்கிறார்கள். கார் வந்த மறுநாள் காலை அப்பா டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய கேஜைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். என்ன சொல்லியும் உள்ளே வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை, கடைக்கு ஓடி ஒரு சக்கரம் வாங்கி வந்து டிக்கியில் போட்டேன். அப்பா குனிந்து, கேஜை வைத்துப் பார்த்து, நிமிர்ந்து என்னிடம் சொன்னார்:

"காத்து சரியா இருக்கும்மா. எஸ்தரத் தூக்கிட்டு வா, கெளம்பலாம்."