பண்ட் என்று நாங்கள் கூப்பிட்டவன்

புதுத் துறைமுகம் வந்த புதிதில் நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தேன். சாயங்காலங்களில் எங்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர்.

அந்த வருஷம்தான் அவன் தாமிரபரணிக் கரையின் வயற்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்து சேர்ந்தான். கப்பலின் வெளிப்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் தினக்கூலி வேலை. பெயிண்ட்காரர்கள் நின்று அடிப்பதற்கென்று தட்டையான சின்னப் படகு ஒன்று உண்டு. அதைப் ‘பண்ட்’ என்போம்.

ஆள் நெட்டை, கை நீளம். எங்களுக்குக் கோச்சாகவும் இருந்த ஃபோர்மேன் அவனை ஒருநாள் கோலில் நிறுத்தினார். பந்தைப் பிடித்தவனிடம், கையிலிருந்து விட்டு உதை என்கிற அர்த்தத்தில், "பண்ட்! பண்ட்!" என்று கத்தினார். அவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படகைத் தேடிக் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாங்கள் மண்ணில் உருண்டு சிரித்தோம். அன்றிலிருந்து அவன் பெயரே பண்ட்.

ஒரே மாதத்தில் அவன் உதைக்கிற பந்து பாதி மைதானத்தைத் தாண்டி விழுந்தது. கோலில் அவன் நின்றான். நான் வெளியே உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பெங்களூரில் குதிரைப் பந்தயம் பார்த்திருந்த கிரேன் டிரைவர் சொன்னார்: "இங்கிலீஷ்ல பந்தயம் கட்டுததுக்கும் பண்ட்டுன்னுதாம்ல பேரு."

"அப்ப இவன் மேல ஒண்ணு கட்டுவோம்" என்றது நான்தான். "ஏலே, ஒத்தையில அந்தப் படகைக் கப்பலோட பின்முனை வரைக்கும் தள்ளிட்டுப் போயி திரும்பி வருவியாலே?"

"வருவேன் அண்ணாச்சி."

"இவன் எங்கன வாரான்! பாதியிலயே அழுவான்" என்று நான் ‘முடியாது’ என்ற பக்கம் கட்டினேன். தோற்றவன் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும்.

அவன் பின்முனையைத் தொடுகிறானா என்று பார்க்க நான் மட்டும் கப்பலின் பின்பக்கத் தளத்துக்குப் போனேன். மற்றவர்கள் அவன் கிளம்பிய முன்முனையில் நின்றார்கள். அவன் துடுப்பை நிதானமாகப் போட்டு வந்தான். அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்முனையைத் தொட்டுவிட்டுப் படகைத் திருப்பினான்; கண் என் மேலேயே இருந்தது.

அப்போதுதான் கப்பல்களை இழுக்கிற டக்கு படகு அவன் முதுகுப் பக்கமாக வேகமாக வருவதைப் பார்த்தேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் சுதாரித்திருப்பான். அலையில் தடுமாறட்டும், நனையட்டும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

டக்கு கடந்து போனது. அதன் அலை படகைத் தூக்கிக் கப்பல்மேல் அடித்தது. விழாமல் இருக்கப் படகின் விளிம்பைப் பிடித்திருந்தான். இரும்புக்கும் பலகைக்கும் நடுவே வலது கை மாட்டிக்கொண்டது. அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தம் மாதிரி இல்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நின்றபோது, பந்தயம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. "அவன் திரும்பி வரலியே" என்றேன். ஒத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் புரோட்டா சாப்பிட்டேன். ஃபோர்மேன் விசாரித்தபோது, அவனாகவே படகை எடுத்துக்கொண்டு போனான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னோம். சொல்லாமல் படகை எடுத்ததற்காக அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கோல்கீப்பர் பனியனைத் திருப்பிக் கொடுக்க என் ஆபீசுக்கு வந்தான். துவைத்து மடித்திருந்தான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன.

"அண்ணாச்சி, அந்த டக்கு வந்தது ஒங்க கண்ணுல படலியா?"

"படலடே."



"நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். நீங்க அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க."

பனியனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை மேட்ச்சில் அதைப் போட்டுக்கொண்டு நான் கோலில் நின்றேன். எனக்குத் தொளதொளவென்று இருந்தது. ஜெயித்தோம்.