எது கேட்டாலும் முதலில் இதையே

பொறாமை என்றால் கொஞ்ச நஞ்சப் பொறாமை இல்லை. பக்கத்து நாற்காலியில் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம்கூட எனக்கு ஆகாது.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குப் பன்னிரண்டு வருடம். இன்ஜினியரிங் படித்தவள் என்ற தலைக்கனம் வேறு. அவள் தெற்கேயிருந்து வந்தவள். கீழே செக்கிங் மேஜையில் நாளெல்லாம் நின்றுகொண்டே தைத்த பீஸில் ஓட்டை, கறை பார்த்தவள். காலில் நரம்பு சுருண்டுகொண்டதால் மேலே எங்கள் அறைக்கு அனுப்பினார்கள்.

அப்போதுதான் கம்பெனிக்கு ஏஐ ஏஜென்ட் வந்தது. யாராவது வாட்ஸ்அப்பில் "துணி வந்துருச்சுங்களா?" என்று கேட்டால் (மிஷினிடமும் 'ங்க' போடாமல் எங்களால் பேச முடியாது), நாங்கள் கொடுத்திருக்கும் சின்னச் சின்ன புரோகிராம்களில் எதை ஓட்டுவது என்று அதுவே முடிவு செய்து பதில் சொல்லும். அந்த புரோகிராம்களுக்கு டூல் என்று பேர். டூலுக்குள் என்ன இருக்கிறது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. பக்கத்தில் நாம் எழுதி வைக்கும் நாலு வரி விவரத்தைத்தான் படிக்கும்.

முதலாளி எனக்கு ஒரு டூல், அவளுக்கு ஒரு டூல் கொடுத்து விவரம் எழுதச் சொன்னார். ஒரு மாதத்தில் யாருடையது நன்றாக வேலை செய்கிறதோ அவருக்கே மற்ற எல்லா டூலும். எனக்கு அது வெறும் பெருமை. அவளுக்கு உட்காரும் நாற்காலி. தோற்றால் மறுபடியும் செக்கிங் மேஜைதான்.

என்னுடையது குடோன் டூல். "துணி இருப்பைத் தரும்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவளுடையது, துணியை வெட்டலாமா என்று சொல்லும் டூல். அவள் எழுதியது இது: "வெட்டலாமா என்று கேட்டால் மட்டும் இதைப் பார். ரோலைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தால்தான் சரி என்று சொல். எத்தனை ரோல் இருக்கிறது என்பது இதில் இல்லை. பதில் கிடைக்காவிட்டால் ஊகிக்காதே, தெரியவில்லை என்று சொல்."

"இதென்ன, கடுதாசியா?" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. செக்கிங்ல புதுசா வார பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி எழுதிருக்கேன்."

எந்த டூலை எத்தனை முறை கூப்பிட்டது என்று ஏஜென்ட் ஒரு பட்டியல் வைத்திருக்கும். தினமும் வந்ததும் அதைத்தான் திறப்பேன். அவள் டூல், அவள் டூல், அவள் டூல். என்னுடையதை அது சீந்தவே இல்லை. அட கருமமே, ஒரு மிஷின் மதிக்கவில்லை என்று பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

மூன்றாவது வாரம், அவள் சாப்பிடப் போன நேரத்தில் என் விவரத்தில் சேர்த்தேன்: "துணி பற்றி எது கேட்டாலும் முதலில் இதையே கூப்பிடு. துணி இருந்தால் சரி என்று சொல். வேறு எதையும் பார்க்காதே."

மறுநாள் பட்டியல் முழுக்க என் டூல். சந்தோஷத்தில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கும்.

அன்று மதியம் கட்டிங் மாஸ்டர் கேட்டிருக்கிறார்: "நேவி ப்ளூ துணி வெட்டலாமுங்களா?" ஏஜென்ட் என் டூலைப் பார்த்துவிட்டு, "முப்பது ரோல் இருக்கிறது, வெட்டலாம்" என்றது. காலையில்தான் லாரியிலிருந்து இறங்கிய துணி. ரோலில் இழுபட்டுக் கிடப்பதைப் பிரித்துத் தளரவிட்டால்தான் தன் அளவுக்கு வரும். இதுவரை தப்பே சொல்லாத மிஷின் என்று மாஸ்டர் நம்பி வெட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் பீஸ் சுருங்கி, எல் சைஸெல்லாம் எம் ஆகிவிட்டது.

முதலாளி மேலே வந்தார். வெட்டலாமா என்பது அவள் டூல் ஆயிற்றே, நேராக அவளிடம் போனார். "ஏன் கண்ணு, உன்னய நம்பித்தான உட்டேன்? நாளைக்கிருந்து செக்கிங்குக்கே போயிக்க."

அவள் உடனே தான் எழுதியதைத் திறந்து, எதை விட்டோம் என்று வரி வரியாக விரல் வைத்துத் தேட ஆரம்பித்தாள். குனிந்து ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பேன். இரண்டு முறை தேடி முடித்துவிட்டு மூன்றாவது முறை முதல் வரிக்குப் போனாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணா, அவ தப்பில்லீங்க. நான்தானுங்க."

திரையைக் காட்டினேன். முதலாளி கத்தவில்லை. "ஏனுங்க மேடம், படிச்சவங்க இப்படிப் பண்ணலாமுங்களா?" என்றார். அந்த மரியாதைக்கு ஓர் அறையே விட்டிருக்கலாம். எல்லா டூலையும் அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவள் எழுந்து வந்து என் வரிகளைப் படித்தாள்.

"தெளிவாத்தானக்கா எழுதிருக்கீய. மொதல்லயே இப்படி எழுதிருக்கலாம்லா?"

பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அதை அழித்துவிட்டு எழுதினாள்: "துணி எத்தனை ரோல் வந்து இறங்கியிருக்கிறது என்று மட்டும் இது சொல்லும். வெட்டலாமா என்று இதற்குத் தெரியாது."

இன்றைக்கும் வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் திறக்கிறேன். என் டூலை ஏஜென்ட் இப்போது நிறையக் கூப்பிடுகிறது, சரியான கேள்விக்கு மட்டும். அப்படிக் கூப்பிட வைத்தவள் அவள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.